உட்காரும் உரிமைப் பெருவிழா

மாகடல் குழுமத்தின் இறால் ஆலையில் உரிமைகளுக்குப் பஞ்சமே கிடையாது. நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் போகும் சாலையில், முன்பு நெல் விளைந்த நஞ்சையில் மதில் எழுப்பி நிற்கும் அந்த ஆலையின் வாசலைத் தாண்டும் எவரும் இதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். ஏனென்றால் வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறது. 'இங்கே ஊழியர்கள் இல்லை, குடும்பத்தினர் மட்டுமே' என்று ஒரு பலகை. அதற்கு நேர் கீழே, 'குடும்பத்தினர் உடற்சோதனைக்குப் பிறகே வெளியே செல்லலாம்' என்று இன்னொரு பலகை.

ஆண்டுதோறும் தை பிறந்ததும் அங்கே ஊழியர் உரிமைப் பெருவிழா நடக்கும். விழாவுக்கு ஒரு உரிமை என்று தேர்ந்தெடுத்து, பட்டுத் துணியால் மூடி, நாதஸ்வரத்தோடு திறந்து வைப்பார்கள். போன வருடம் குடிநீர் உரிமை. பளபளவென்று ஓர் எந்திரம் வந்து இறங்கியது. சேர்மன் முதல் டம்ளரைக் குடித்தார், கேமராவுக்காக இரண்டாவது டம்ளரையும் குடித்தார். மறுவாரமே எந்திரத்தைப் பூட்டிச் சாவியை ஸ்டோரில் வைத்துவிட்டார்கள். தண்ணீர் குடித்த பெண்கள் பிறகு கழிவறைக்குப் போகிறார்கள் என்பது ஆய்வில் தெரியவந்ததாம். கழிவறை உரிமையோ அதற்கு முந்திய வருடத்து விழாவோடு முடிந்துபோயிருந்தது. ஓர் உரிமை இன்னோர் உரிமையின் எல்லைக்குள் நுழையக் கூடாது என்பதில் நிர்வாகம் கறாராக இருந்தது.

இந்த வருடத்து உரிமையை அறியாமல் கேட்டுத் தொலைத்தவள் தனபாக்கியம்.

தனபாக்கியம் கடற்கரைக் குப்பத்துக்காரி. கணவர் காயாரோகணம் விசைப்படகில் போகிறவர். அவள் ஆலையின் உரிப்புக் கூடத்தில் இறால் உரிப்பவள். கரையில் பெண்கள் இறால் உரிப்பதெல்லாம் உட்கார்ந்துதான். ஒரு பலகையைப் போட்டு, கூடையை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டால் பேச்சும் கைவேலையும் சேர்ந்தே ஓடும். ஆலையில் அப்படியில்லை. இரும்பு மேசை இடுப்புயரம். மேசை மேல் ஐஸ், ஐஸுக்குள் இறால். காலையில் சங்கு ஊதியதிலிருந்து மாலையில் ஊதும் வரை ரப்பர் பூட்ஸில் நின்றுகொண்டேதான் தலை கிள்ளி ஓடு உரிக்க வேண்டும். உட்கார்ந்தால் சுகாதாரம் கெடும் என்று சொல்லிவிட்டார்கள். உரிக்கிறவளின் பின்பக்கத்துக்கும், எவனோ வெள்ளைக்காரன் வாயில் போகப்போகிற இறாலுக்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. தனபாக்கியமும் தனக்காகக் கேட்டிருக்க மாட்டாள்.

அவளுக்குப் பக்கத்தில் நிற்பவள் சபிஹா. சின்னப் பெண். கணவன் அன்சார் லோடு ஆட்டோ ஓட்டியவன், வண்டி கவிழ்ந்து கால் முறிந்து வீட்டில் கிடக்கிறான். சபிஹா முழுகாமல் இருந்தாள். முன்பு ஒன்று தங்கவில்லை. "இதையாவது காப்பாத்திக்கணும்னா நின்னுக்கிட்டே வேலை பாக்காதம்மா" என்று பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வேலையை விட்டால் அடுப்பு எரியாது. ஆலையில் இது இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும், சபிஹாவுக்கும் தனபாக்கியத்துக்கும்.

மூன்றாவது ஆளுக்குத் தெரியக் கூடாது. சபிஹா காண்டிராக்ட் ஆள். காண்டிராக்ட் பெண்ணுக்கு வயிறு தெரிந்த அன்றே வேலை போய்விடும். அதை வேலைநீக்கம் என்று சொல்ல மாட்டார்கள், 'தாய்மை ஓய்வு' என்பார்கள். வாழைப்பழம், வெற்றிலை பாக்கு வைத்து, போட்டோ எடுத்து அனுப்பிவைப்பார்கள். அந்த ஓய்விலிருந்து இதுவரை ஒருத்தியும் திரும்பி வந்ததில்லை. அதனால் சபிஹா பெரிய அளவு ஏப்ரனை வாங்கி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, மேசை ஓரமாக நின்றாள்.

விழாவுக்கு முந்திய மார்கழிக் கூட்டம் உணவுக் கூடத்தில் நடந்தது. அதற்கு 'மனம் திறந்து பேசுவோம்' என்று பெயர். மேசை நாற்காலிகளை வெளியே தள்ளிவிட்டு, பெண்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மனிதவளம் மற்றும் மகிழ்ச்சிப் பிரிவின் மேலாளர் கோவிந்தராசு மைக்கைப் பிடித்தார். நல்ல மனிதர், யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். அந்தத் தாழ்ந்த குரலிலேயே எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பியவர்.

"பயப்படாதீங்க. இது உங்க வீடு. இந்த வருஷம் உங்களுக்கு எந்த உரிமை வேணும்? நீங்களே கேளுங்க. எதை வேணாலும் கேளுங்க. கேக்கறவங்க பேரை மட்டும் குறிச்சுக்குவோம்."

பெயர் குறிப்பதைக் கேட்டதும் கூட்டம் மொத்தமும் தரையைப் பார்த்தது. தனபாக்கியமும் பார்த்தாள். அவள் கண்ணில் பட்டது சபிஹாவின் பூட்ஸ். வீங்கிய கால் உள்ளே போவதற்காக அதன் மேல்பக்கத்தைப் பிளேடால் கிழித்து வைத்திருந்தாள்.

"சார்" என்றாள் தனபாக்கியம். "மேசைக்கு ஒரு முக்காலி குடுத்தா நல்லாருக்கும்ங்க. முடியாதவங்க கொஞ்ச நேரம் உக்காந்துக்குவாங்க."

யாருக்கு என்று அவள் சொல்லவில்லை. ஆம்பிளைகள் இருக்கும் சபையில் அவர்கள் ஊரில் அந்தப் பேச்சை வாய்விட்டுச் சொல்வதில்லை. அதுவும் ஒன்று தங்காமல் போனவளைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டார்கள், கண் படும் என்பார்கள். சொல்லியிருந்தால் காண்டிராக்டர் காதுக்கும் போயிருக்கும். கோவிந்தராசு அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள்.

"உட்காரும் உரிமை! அருமை. பேர் என்னம்மா?"

"தனபாக்கியம்ங்க."

முக்காலி விஷயம் அங்கேயே முடிந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். தச்சரிடம் சொன்னால் ஒரு பொழுதில் அடித்துக் கொடுத்துவிடுவார். ஆனால் அப்படி அடித்தால் அது வெறும் முக்காலி. மாகடல் குழுமம் மரச்சாமான் வழங்கும் நிறுவனம் அல்லவே, உரிமை வழங்கும் நிறுவனம். ஆகவே ஒரு குழு போட்டார்கள். குழு கூடுவதற்காக அலுவலகத்தில் மெத்தை வைத்த சுழல் நாற்காலிகள் புதிதாக வாங்கினார்கள். குழு அவற்றில் உட்கார்ந்து ஆராய்ந்து, இது பெரிய விஷயம், சென்னையிலிருந்து நிபுணரை வரவழைக்க வேண்டும் என்று முடிவு செய்தது.

வந்தவர் மாதங்கி. நலவாழ்வு ஆலோசகர். பருத்திப் புடவை, பெரிய பொட்டு, குரலில் தேன். உரிப்புக் கூடத்துக்குள் வந்ததும் மூக்கை மூடிக்கொண்டார். அம்மோனியா நெடிக்கும் இறால் நாற்றத்துக்கும் பழக்கமில்லாதவர்கள் அப்படித்தான் செய்வார்கள். மூடிய மூக்கோடு தனபாக்கியத்திடம் கேட்டார்.

"நிக்கறப்போ உங்களுக்குள்ள என்ன நடக்குது?"

"கால் கடுக்குதுங்க."

"அது கால். நான் உங்களைக் கேக்கறேன்."

தனபாக்கியத்துக்குப் புரியவில்லை. தன் காலைக் குனிந்து பார்த்தாள். அது தன்னுடையதுதான் என்று தெரிந்தது.

"கொஞ்ச நேரம் உக்காந்தா சரியாப்போயிடும்ங்க."

"எக்ஸாக்ட்லி" என்றார் மாதங்கி. "உட்கார்றதுங்கறது உடம்பு செய்யற வேலையே இல்ல. அது ஒரு மனநிலை."

மறுநாள் வேலைக்கு நடுவே பயிற்சி நடந்தது. பெண்கள் எல்லோரும் இறால் கையோடு கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். மாதங்கி ஒலிபெருக்கியில் பேசினார். "ஒரு அழகான நாற்காலிய மனசுல கொண்டுவாங்க. அதோட நிறம் என்ன? மெல்ல அதுகிட்ட போங்க. உட்காருங்க. ஆஹா. உடம்பு நிக்குது, நீங்க உட்கார்ந்திருக்கீங்க." சபிஹா மேசையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு வெளுத்திருந்தது. கண்ணை மூடினால் தலை சுற்றும் என்று பயந்து அவள் கண்ணைத் திறந்தே வைத்திருந்ததை மேற்பார்வைப் பெண் தர்ஷினி கவனித்து, 'பயிற்சியில் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிக்கொண்டு போனாள். பயிற்சியில் போன நேரத்துக்கு உண்டான இறாலையும் மாலைக்குள் உரித்துத் தரச் சொன்னாள். அன்றைக்குச் சங்கு ஊதியும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

எனக்கு மாதங்கி மேல்கூட அவ்வளவு ஆத்திரம் இல்லை. அவர் பேசிப் பிழைக்கிறவர், பேசினார். கூடத்தில் அத்தனை பெண்கள் நிற்க, மேசைக்கு மேசை காலிப் பிளாஸ்டிக் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு 'உக்காரும்மா' என்று சொல்ல அந்த ஆலையில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லையே, அதை நினைத்தால்தான் ஆத்திரம் வருகிறது.

தனபாக்கியம் பொறுத்துப் பார்த்துவிட்டு கோவிந்தராசுவின் அறைக்கே போனாள். அறையில் நாற்காலிகள் நிறைய இருந்தன. ஒன்றில் 'சிறந்த பணியிடம்' கேடயம் உட்கார்ந்திருந்தது. ஒன்றில் 'பெண்கள் விரும்பும் நிறுவனம்' கேடயம். இன்னொன்றில் பொன்னாடைகள். அவள் நின்றாள்.

"சார், அந்த முக்காலி எனக்கில்லீங்க."

"யாருக்கு?"

பெயர் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு.

"முடியாதவங்களுக்குங்க. பொதுவா."

கோவிந்தராசு சிரித்தார். "தனபாக்கியம், உங்க நல்ல மனசு தெரியுது. ஆனா முடியாதவங்கன்னு இந்த ஆலையில யாரும் கிடையாது. முடியாதவங்கள நாங்க வேலைக்கே வெச்சுக்கறதில்ல. இருக்கறவங்க எல்லாரும் முடிஞ்சவங்க. முடிஞ்சவங்களுக்கு எதுக்கு முக்காலி? ஆனாலும் தர்றோம் பாருங்க. அங்கதான் மாகடல் நிக்கிது."

"சீக்கிரம் குடுத்தீங்கன்னா..."

"அவசரப்படக் கூடாது. நாள் பாத்தாச்சு. சேர்மன் வர்றார். கேட்டவர் நீங்க, ஃபைல்ல உங்க பேர். பெறுபவரும் நீங்கதான். நீலப் புடவை கட்டிக்கிட்டு வாங்க, பேக்டிராப் மஞ்சள்."

விழா நாள் வந்தது. ஆலை முற்றத்தில் பந்தல். வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் விருந்தினருக்குப் போதவில்லை என்பதால் ஊழியர்கள் வெயிலில் நின்றார்கள். சேர்மன் வருவதற்கு நெடுநேரம் ஆனது. சபிஹாவை நடுவில் விட்டு, பக்கத்துக்கு ஒருத்தியாக இரண்டு பெண்கள் தோள் கொடுத்து நின்றார்கள். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. அதற்குள் மேசைக்கே தெரிந்துவிட்டிருந்தது, ஆனால் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

சேர்மன் பேசினார். மனம் நெகிழ்ந்து பேசினார் என்றே சொல்ல வேண்டும்.

"எங்கப்பா எனக்கு விட்டுட்டுப் போனது ஒரே ஒரு நாற்காலிதான். சேர்மன் நாற்காலி. அதுல உட்கார்ந்தேன். இன்னிக்கு வரைக்கும் எழுந்திருக்கல. நாற்காலியோட அருமை எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? சில பேர் கேக்கறாங்க, எல்லாருக்கும் ஆளுக்கொரு நாற்காலி போட்டா என்னன்னு. போடலாம். அது ஒரு நிமிஷ வேலை. ஆனா எல்லாரும் உட்கார்ந்துட்டா அதுல என்ன மதிப்பு இருக்கு? ஒருத்தர் உட்காரணும், மத்தவங்க பாக்கணும். பாக்கும்போது, நமக்கும் ஒரு நாள் கிடைக்கும்னு ஒரு நம்பிக்கை வரும் பாருங்க, அந்த நம்பிக்கையத்தான் நான் உங்க எல்லாருக்கும் குடுக்கறேன். கொள்கை அளவுல இன்னிலேர்ந்து நீங்க எல்லாருமே உட்கார்ந்தவங்கதான்!"

நாதஸ்வரம் வாசித்தார்கள். பட்டுத் துணி விலகியது. உள்ளே முக்காலி இல்லை. தேக்கில் கடைந்து, கைப்பிடியில் யாளி முகம் வைத்து, சிவப்பு வெல்வெட் தைத்த நாற்காலி. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை உட்கார்வது போன்றது. தனபாக்கியத்துக்குப் பொன்னாடை போர்த்தி, உள்ளங்கை அளவில் வெள்ளி முலாம் பூசிய ஒரு குட்டி நாற்காலியை நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதில் ஓர் இறாலை வேண்டுமானால் உட்கார வைக்கலாம் என்று நினைத்தாள்.

பெரிய நாற்காலியை உரிப்புக் கூடத்துக்குள் கொண்டுபோக முடியாது, வெல்வெட் சுகாதாரக் கேடு. அதனால் கூடத்தின் சுவரை இடித்து ஒரு கண்ணாடி அறை கட்டினார்கள். உள்ளே விளக்கு, மின்விசிறி, நாற்காலி. நாற்காலியில் தனபாக்கியம். அவளுடைய பதவி இப்போது 'உரிமை மாதிரி ஊழியர்'. சங்கு ஊதியதும் உட்கார வேண்டும், மறுபடி ஊதும்போது எழுந்திருக்கலாம். நடுவில் எழக் கூடாது. பார்வையாளர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாதல்லவா?

"சார், நான் உரிக்கிற இறால யாரு உரிப்பாங்க?" என்று கேட்டாள்.

"உங்க மேசைக்காரங்க பகிர்ந்துப்பாங்க. அதுதான் குடும்பம்."

இப்படியாக, சபிஹாவுக்கு ஒரு முக்காலி கேட்கப்போய், தனபாக்கியத்தின் இறாலிலும் ஒரு பங்கு சபிஹாவின் தலையில் விழுந்தது.

நாளெல்லாம் உட்காருவது சுகம் என்று யார் சொன்னது? தனபாக்கியத்துக்கு அந்த வெல்வெட் முள்ளாகக் குத்தியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேர் எதிரே அவள் மேசை. சபிஹா ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்பதும், யாரும் பார்க்காதபோது மேசை விளிம்பில் நெற்றியை வைத்துக்கொள்வதும், தர்ஷினி வரும் சத்தம் கேட்டு நிமிர்வதும் எல்லாம் தெரிந்தது. சத்தம்தான் கேட்காது. ஒரு நாள் மாலை பேருந்துக்குப் போகும்போது சபிஹாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

"என்னை மன்னிச்சிரும்மா. ஒழுங்காக் கேக்கத் தெரியாமக் கேட்டுப்புட்டேன்."

"விடுங்கக்கா. நீங்களாவது உக்காந்திருக்கீங்கள்ல" என்றாள் சபிஹா. அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, அதனால்தான் தனபாக்கியத்தால் தாங்க முடியவில்லை.

பங்குனியில் வெளிநாட்டுக் கொள்முதல்காரர்கள் வந்தார்கள். தலையில் வலைத் தொப்பி, கையில் கேமரா. கோவிந்தராசு முன்னால் நடந்து கண்ணாடி அறையைக் காட்டினார். அவர்கள் ஆச்சரியப்பட்டுத் தலையாட்டினார்கள். தனபாக்கியம் சொல்லிக்கொடுத்தபடி புன்னகைத்தாள்.

அந்தப் புன்னகையோடுதான் கண்ணாடி வழியே பார்த்தாள். சபிஹா கையிலிருந்த இறால் கீழே விழுந்தது. அவள் குனியவில்லை. மேசையைத் தடவினாள், மேசை அகப்படவில்லை. முட்டி மடங்கியது.

தனபாக்கியம் எழுந்தாள். நாற்காலியைக் கைப்பிடியோடு தூக்கினாள். காயாரோகணம் கொண்டுவரும் மீன் கூடைகளைத் தலையில் சுமந்தவளுக்குத் தேக்கு நாற்காலி ஒரு பெரிய பாரமில்லை. கண்ணாடிக் கதவை முதுகால் தள்ளித் திறந்துகொண்டு, கூடத்துக்குள் நுழைகிறவர்கள் கால் நனைக்கத் தேக்கியிருக்கும் குளோரின் தண்ணீருக்குள் இறங்கி, ஈரத் தரையில் வெல்வெட் நனைய நனைய நேரே மேசைக்குப் போய் நாற்காலியைப் போட்டாள். மற்ற பெண்கள் சபிஹாவைத் தாங்கி அதில் உட்கார வைத்தார்கள். ஏப்ரன் விலகியது. வயிறு எல்லோருக்கும் தெரிந்தது.

ஒரு வெள்ளைக்கார அம்மாள் பதறிப்போய், இவள் கர்ப்பிணியா, இத்தனை நேரமும் நின்றுகொண்டா வேலை பார்த்தாள் என்று கேட்டாள்.

கோவிந்தராசு அந்த இடத்தில் தன் சம்பளத்துக்கு உரியவர் என்பதைக் காட்டினார். அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. ஆங்கிலத்தில் விளக்கினார். இது ஒத்திகை. தீ விபத்துக்கு ஒத்திகை செய்வது போல் எங்கள் ஆலையில் கர்ப்பிணிக்கு உதவும் ஒத்திகையும் மாதந்தோறும் உண்டு. அந்தப் பெண் கர்ப்பிணியாக நடிக்கிறாள், வயிற்றில் இருப்பது தலையணை. எவ்வளவு விரைவாக நாற்காலி வந்தது, பார்த்தீர்களா?

வந்தவர்கள் அசந்துபோய்க் கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். பிறகு கோவிந்தராசு தமிழில், அதே தாழ்ந்த குரலில், சிரித்தபடியே சபிஹாவிடம் சொன்னார்.

"ஒத்திகை முடிஞ்சுது. எந்திரிச்சு வேலையப் பாரு."

சபிஹா எழுந்தாள். வந்தவர்கள் போகும்வரை நின்றாள். அந்த நிற்றலைப் பற்றி நான் எழுதமாட்டேன், கை கூசுகிறது.

மறுநாள் விசாரணை. புதிய சுழல் நாற்காலிகளில் குழு வரிசையாக உட்கார்ந்திருந்தது. மாதங்கியும் சிறப்பு அழைப்பாளராக வந்திருந்தார். தனபாக்கியமும் சபிஹாவும் எதிரே நின்றார்கள். கேடயங்கள் உட்கார்ந்திருந்தன.

"தனபாக்கியம் மேல ஒரே குற்றச்சாட்டுதான்" என்றார் கோவிந்தராசு. "உட்கார வேண்டிய நேரத்துல நின்னது. கூடவே உரிமையை இடம் மாத்தினது. வெல்வெட் நனைஞ்சுபோச்சு, அதைக்கூட நாங்க பெரிசு பண்ணல. ஆனா நிறுவனம் குடுத்த உரிமையைத் தூக்கி எறிஞ்சுட்டு நீங்க எந்திரிச்சு நின்னீங்க பாருங்க, அதுதான் மனச வலிக்கச் செய்யுது."

"அந்தப் பொண்ணு விழுந்துச்சே சார்."

"விழறதுக்கு முறை இருக்கு. சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டு விழணும்."

அவர் சபிஹாவின் பக்கம் திரும்பினார். "நீ உரிமை வழங்கப்படாம உட்கார்ந்திருக்க. அது ஒண்ணு. முன்கூட்டித் தெரிவிக்காம கர்ப்பமா இருக்க. அது ரெண்டாவது. வெளிநாட்டுக்காரங்ககிட்ட நாங்க தலையணைன்னு சொல்லிட்டோம். மாகடல் குழுமம் பொய் சொல்லாது. ஆகவே எங்க ஆவணப்படி உனக்கு வயித்துல ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லாதவளுக்குத் தாய்மை ஓய்வும் குடுக்க முடியாது. ரெண்டு பேருமே நீங்களா வேலைய விட்டு நின்னுட்டீங்கன்னு போட்டுக்கறோம்."

"நின்னதாலதானே சார் இவ்வளவும்" என்றாள் சபிஹா. அந்த அறையில் அவள் பேசியது அது ஒன்றுதான். குழு அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

மாதங்கி எழுந்து வந்து இருவர் தோளிலும் கை வைத்தார். "இதை முடிவா பாக்காதீங்க. ஒரு கதவு சாத்தறப்போ மனசுக்குள்ள ஒரு நாற்காலி..." தனபாக்கியம் தோளை உதறினாள். மாதிரி ஊழியர் தினமும் போர்த்தியிருக்க வேண்டிய அந்தப் பொன்னாடையை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். விழா நாளிலிருந்தே குட்டி நாற்காலி பையில் கிடப்பது மறந்துபோயிற்று.

வாசலில் உடற்சோதனை செய்து அனுப்பினார்கள். வெளியே பேருந்து நிழற்குடை நின்றது, மாகடல் குழுமத்தின் அன்பளிப்பு. கூரையெல்லாம் சேர்மன் படம். உள்ளே பெஞ்சு கிடையாது. பெஞ்சு போட்டால் ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள் என்று போடவில்லை. சாலையை ஒட்டி வாய்க்கால் மதகு ஒன்று இருந்தது. முன்பு வயலுக்குத் தண்ணீர் விட்டது, இப்போது ஆலைக் கழிவு கறுப்பாகப் போகிறது. தனபாக்கியம் முந்தானையால் மதகுக் கட்டையைத் தட்டிவிட்டு, சபிஹாவை அதில் உட்கார வைத்தாள். சபிஹா பூட்ஸைக் கழற்றி வாய்க்காலுக்குள் போட்டாள். காலை நீட்டினாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"உதைக்கிதுக்கா."

தனபாக்கியம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் காவலாளி தங்கையன் விசிலை ஊதிக்கொண்டு வாசலிலிருந்து ஓடிவந்தார். வயதானவர், இந்த வேலைக்கு வெட்கப்படுகிறவர்தான். ஆனால் மேலே கேமரா இருந்தது.

"எம்மா, இங்க உக்காரக் கூடாதும்மா. மதகு வரைக்கும் கம்பெனி இடம். உள்ளேர்ந்து பாத்துக்கிட்டு இருக்காங்க. என்னைத்தான் திட்டுவாங்க."

சபிஹா அசையவில்லை. காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள். தனபாக்கியம் கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். வாயில் ஊறியதை வாய்க்காலில் துப்பினாள். பிறகு பையைத் துழாவி அந்தக் குட்டி நாற்காலியை எடுத்துத் தங்கையன் கையில் வைத்தாள்.

"இதைக் கொண்டுபோய் உங்க சேர்மன்கிட்ட குடுங்கண்ணே. அவரு அளவுக்கு இது போதும்."